அகாலமும் அசைவமும்

"தமிழில் முன்னொட்டுகள் இல்லை, இருப்பவை கடன் வாங்கப்பட்டவை." மூன்று ஆண்டுகளுக்கு முன் என் ஆய்வு முன்மொழிவில் இவ்வாறு எழுதியபோது உள்ளூரப் பெருமிதம் இருந்தது. நெறியாளர் அவ்வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டார். விளக்கம் எதுவும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை.

சென்ற பொங்கலுக்கு, ஹைதராபாத் விடுதியில் என்னுடன் தங்கியிருக்கும் வாரணாசித் தோழி மதுரைக்கு வந்திருந்தாள். எழுத்துக்கூட்டித் தமிழ் படிக்கப் பழகியவள். ஓர் உணவகப் பலகையில் 'சைவம்', 'அசைவம்' என்னும் இரு சொற்களைப் படித்துவிட்டு, "சிவனை வழிபடாதவர்களுக்கு இங்கே தனிச் சமையலா?" என்று கேட்டாள். அப்போது சிரித்துவிட்டேன். திரும்பும் ரயிலில்தான் அக்கேள்வி உறுத்தத் தொடங்கியது.

அந்த 'அ' மிகப் பழையது. இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் தனியே ஓர் அசையாக நின்று ஒலித்த 'ன்' என்பதே அதன் பிறப்பிடம் என மொழியியலார் மீட்டுருவாக்கியுள்ளனர். வடமொழியிலும் கிரேக்கத்திலும் அது மெய்க்கு முன் 'அ' என்றும் உயிருக்கு முன் 'அன்' என்றும் ஆயிற்று. இலத்தீனில் 'இன்', ஆங்கிலத்தில் 'அன்'. வடமொழி 'அம்ருத', கிரேக்க 'அம்ப்ரோதோஸ்', இலத்தீன் 'இம்மோர்தாலிஸ்' ஆகிய மூன்றும் 'சாவற்றது' என்றே பொருள்படும்.

'அநீதி', 'அசுத்தம்' முதலியவை தமிழுக்கு முழுச்சொற்களாகவே வந்தன. அவற்றைக் கடன் என்று ஒதுக்கிவிடலாம். 'அசைவம்' அப்படிப்பட்டதன்று. வாரணாசியில் 'சைவ' என்றால் சிவநெறி மட்டுமே. புலால் நீக்கிய உணவு என்னும் பொருள் தமிழில் விளைந்தது. அப்பொருளுக்கு எதிர்ச்சொல் வேண்டியபோது, 'செய்யாத', 'அன்பின்மை' என எதிர்மறையைப் பின்னால் வைத்தே பழகியவர்கள், 'அ'வைக் கையிலெடுத்து முன்னால் ஒட்டினர். அடிச்சொல்லும் ஒட்டும் வடமொழியுடையவை, ஆக்கம் தமிழருடையது.

எல்லா ஒட்டுக்கும் இது நேர்வதில்லை. பாரசீக 'பே'யை இந்தி தன் 'கர்' என்னும் சொல்லோடு சேர்த்து, வீடற்றவரைக் குறிக்கும் 'பேகர்' என்பதை ஆக்கிக்கொண்டது. அதே 'பே', அரபு 'ஈமா'னோடு கூடிச் சென்னைத் தெருக்களில் 'பேமானி' என உலவுகிறது. திட்டுபவர் எவரும் அதில் 'பே'யைப் பிரித்தறிவதில்லை. (இதனை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் சேர்க்க எனக்கு மிகுந்த ஆசை.)

என் வரியின் முதற்பாதியும் நிற்கவில்லை. 'அகால மரணம்' என்கிறோம், 'அக்காலத்தில்' என்கிறோம். ஓர் ஒற்றுதான் வேறுபாடு. முன்னதில் உள்ள 'அ' மறுக்கிறது. பின்னதில் உள்ள 'அ' சுட்டுகிறது. பின்னது நம்முடையது. அது தனித்து வழங்குவதில்லை. பெயருக்கு முன் ஒட்டியே வரும். முன்னொட்டுக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? 'புறச்சுட்டு' என்னும் பெயரைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருந்ததால், அது என்னவென்று நான் பார்க்கவே இல்லை.

அவ்வரியை நேற்று நீக்கிவிட்டேன். அதை நம்பி எழுதிய ஓர் இயல் முழுவதையும் இனித் திருத்த வேண்டும். சமர்ப்பிக்க நான்கு மாதங்களே உள்ளன. என் சொற்பட்டியலில் 'சொந்தம்', 'கடன்' என இரண்டு பத்திகள்தாம் இருந்தன. மூன்றாவது பத்தியில் இப்போதைக்கு 'அசைவம்' மட்டும் உள்ளது. அதனோடு சேரத்தக்க சொற்களை அறிந்தவர்கள் பின்னூட்டத்தில் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.