கூட்டத்தில் நானும் பேசினேன்!

"கிராம சபையா? அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று நாற்பத்து நாலு வயது வரை ஒதுங்கியிருந்தவள் நான். சீர்காழிக்குப் பக்கத்துக் கிராமம். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது.

2022 நவம்பர் 11-ம் தேதி எங்கள் பக்கம் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை. சம்பாப் பயிர் மூழ்கியது. களை எடுக்கிற கூலியும் போயிற்று. "அக்கா, ஒரு தையலாவது தெரிஞ்சிருந்தா..." என்று பக்கத்து வீட்டுப் பெண் கண் கலங்கினாள்.

குழுக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். அரசியல் சட்டம் ஊராட்சிகளுக்கென்று பட்டியலிட்டுள்ள 29 துறைகளில் தொழிற்பயிற்சியும் ஒன்றாம்! மகளிர் குழுக்கள் தேவையை எழுதிக் கொடுத்தால், கிராம சபை ஒப்புதலோடு வறுமைக் குறைப்புத் திட்டத்தில் சேர்த்து மேலே அனுப்புவார்களாம்.

"பயிற்சி வேணும்" என்று மொட்டையாக எழுதினால் போதுமா? வீடு வீடாகப் போய்ப் பெயர், வயது, எந்த நேரம் வரமுடியும் என்றெல்லாம் குறித்தேன். 2023 ஜனவரி 26 அன்று கால் நடுங்க எழுந்து படித்தேன். தீர்மானப் புத்தகத்தில் ஏறிற்று!

"பணம் வர நாளாகும்மா" என்றார்கள். வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் கட்டணமில்லை, சாப்பாடும் உண்டு. ஆனால் அப்போது வயது வரம்பு 45. எனக்கோ ஒரு வருஷம்தான் பாக்கி! உடனே சேர்ந்துவிட்டேன்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெண்ணும் என்னிடம் ரவிக்கை வெட்டப் பழகுகிறாள்.

சகோதரிகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நடை போய் வாருங்களேன்!