தண்ணி வராத தெரு

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாற்று வெள்ளம் முடிச்சூரில் வீடு வீடாகப் புகுந்தது. இந்தப் பக்கம், பீர்க்கன்கரணையில், எங்கள் தெரு கொஞ்சம் மேடு. தண்ணி வாசற்படியோடு நின்றுவிட்டது. அடுத்த வார ஜெபக்கூட்டத்தில் ஆளுக்கொரு சாட்சி: “கர்த்தர் நம்ம வீட்டைக் காத்தார், ஸ்தோத்திரம்!”

அப்போ முடிச்சூர்ல?

கோடு எழுதிப் பிழைக்கிறவனுக்கு இந்த நன்றி ஓர் ‘இஃப்’ மாதிரிதான் தெரிகிறது. காத்தால் நல்லவர். ‘எல்ஸ்’ காலியாகவே கிடக்கிறது. தண்ணி வராத தெருவில் இருந்துகொண்டு கடவுளின் குணத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடலாம். முடிச்சூரில் எல்லாம் போய், சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்த அக்கா ஒருத்தர் அன்றைக்குக் கடைசியாக எழுந்தார். “ஏன்னு கேட்டுட்டேதான் இருக்கேன், பதில் வரல. ஆனா ஸ்தோத்திரம்.” எனக்கு அந்த ‘ஆனா’ போதும்.

ஆபகூக் தீர்க்கதரிசியும் அப்படித்தான். அத்திமரம் பூக்காமல், வயல் விளையாமல், தொழுவம் காலியாகக் கிடந்தாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார், 3-ஆம் அதிகாரத்தில். நன்றிக் கூட்டங்களில் அதைத்தான் வாசிப்போம். கூப்பிட்டும் நீர் ஏன் கேட்கவில்லை என்று அவர் சண்டை போடும் முதல் அதிகாரத்தை யாரும் திறப்பதில்லை.