பாசிக்குடாவில் மீண்டும் மாணவனானேன்



மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே 30 கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால் பாசிக்குடா. பிறைபோல் வளைந்த குடா அது. வெளியே முருகைக் கற்பாறைகள் அலைகளைத் தடுத்து நிற்க, உள்ளே கடல் குளம்போல் அமைதியாகக் கிடக்கும். கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணீர்தான். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று அதைக் கலக்கிவிடும். சித்திரை முதல் ஆவணி வரைதான் குளிப்பதற்கு ஏற்ற காலம்.

ஓட்டமாவடியில் ஆற்றில் குளித்து வளர்ந்தவன் நான். எனக்கு நீச்சல் தெரியும் என்றே நாற்பது வயது தாண்டியும் நம்பியிருந்தேன். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தோடு பாசிக்குடாவுக்குப் போயிருந்தோம். தங்கையின் ஒன்பது வயது மகன் ரியூபில் மிதந்தபடி ஆழத்திற்குப் போய்விட்டான். ரியூப் கைநழுவியது. நான் பாய்ந்தேன். தலையை உயர்த்தி, தண்ணீரை அடித்து அடித்துப் போய் அவனைப் பிடித்துவிட்டேன். ஆனால் கரைக்கு வந்தபோது எனக்குப் பேச மூச்சில்லை. இன்னும் பத்து யார் தள்ளியிருந்தால் இருவருமே திரும்பியிருக்க மாட்டோம்.

அன்றிரவு மனைவி கேட்டார்: “நீங்களும் தாண்டு போயிருந்தா, நாங்க கரையில நிண்டு பாத்துக்கிட்டுத்தானே இருந்திருப்பம்?”

என்னிடம் பதில் இல்லை.

முன்பு என்னிடம் ஓதிய ஒரு தம்பி இப்போது நீச்சல் பழக்குகிறார். அவரிடம் போனேன். நான் நீந்துவதைப் பார்த்துவிட்டு, “ஹஸரத், தலையைக் கீழே போடுங்க” என்றார். அதுவே முதற்பாடம். நம் நெஞ்சில் காற்றிருப்பதால் மேலுடல் மிதக்கும். தலையைத் தூக்கினால், தராசின் மறுதட்டுப்போலக் கால்கள் தாழும். தாழ்ந்த கால்களை இழுத்துக்கொண்டு நீந்துவது மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுவது போன்றது.

இரண்டாம் பாடம் மூச்சு. நான் மூச்சை அடக்கியே நீந்திவந்தேன். அடக்கிய மூச்சில் கரியமிலவாயு கூடக்கூட நெஞ்சு பதறும். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக மூச்சை விட வேண்டும். பிறகு உடலோடு சேர்த்துத் தலையை ஒருபக்கம் திருப்பி, ஒரு காது தண்ணீரில் இருக்கும்படியே மூச்சை இழுக்க வேண்டும். காலை முழங்காலிலிருந்து உதறாமல் இடுப்பிலிருந்து அசைக்க வேண்டும்.

கேட்க எளிது. உடம்பு கேட்க வேண்டுமே! சிறுவயதில் பிழையாகப் படிந்த எழுத்தின் மஃரஜைத் திருத்தப் பெரியவர்கள் என் வகுப்பில் படும் பாடு அன்றுதான் எனக்கு விளங்கியது. “வயது போனாலும் திருத்தலாம்” என்று அவர்களுக்குச் சொன்னவன், வாயில் உப்புநீரோடு அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆறு வாரங்கள் சென்றன. அல்ஹம்துலில்லாஹ், இப்போது நிதானமாகப் போய்வர முடிகிறது.

ஆனால் மனைவியின் கேள்வி அப்படியேதான் இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பெண்கள் அதிகம் மாண்டதற்கு, நீச்சலும் மரமேறலும் ஆண்பிள்ளைகளுக்கே பழக்கப்பட்டதும் ஒரு காரணம் எனப் பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். அந்த அலைக்குமுன் நீச்சல்காரனும் துரும்புதான். என்றாலும் குளமும் கிணறும் ஆறும் நம் வாசலிலேயே இருக்கின்றனவே!

ஆகவே சுபஹுக்குப் பின், ஆளில்லாத ஒரு மூலையில், மனைவிக்கும் மகளுக்கும் மல்லாந்து மிதக்கப் பழக்கினேன். காதுவரை தண்ணீரில் விட்டு, வயிற்றை உயர்த்தி, கைகளை விரித்தால் போதும். உப்புநீர் நன்றாகவே தாங்கும். அபாயா நனைந்தால் கால்களைச் சுற்றிக்கொள்ளும். உடலை மறைக்கும் இலேசான நீச்சலுடைகள் கிடைக்கின்றன.

சகோதரிகளே, ஒன்றை மறவாதீர்கள். தண்ணீரில் தாழ்பவர் பெரும்பாலும் கூச்சலிடுவதில்லை. மூச்செடுக்கவே வாய் போதாது. பிள்ளைகள் குளிக்கையில் கண்ணை எடுக்காதீர்கள். ஆபத்தென்றால் பாயாமல் கயிறோ கம்போ ரியூபோ எறியுங்கள்.

சென்ற வாரம் மகள் தனியே மிதந்தாள். என் மனைவி கரையில் நிற்கவில்லை; மகளுக்கு அருகே மிதந்துகொண்டிருந்தார்.