செராமிக்கா, சாதாவா?

கிளச் பிளேட் முடிஞ்சிருச்சு.
நானுஓயா ஏத்தத்துல இஞ்சின் மட்டும் கத்துது, பிக்கப் ஏற மாட்டேங்குது. பின்னால லீக்ஸ் மூட்டை.

கூட்டாளிமார் ஒரே குரல்ல: "செராமிக் போடு மச்சான், சூடு தாங்கும்."

தாங்கும்தான்.

ஆனா கராஜ் பாஸ் சிரிக்கிறாரு.
"தம்பி, அது டக்குனு பிடிக்கும். நீங்க லயத்து ரோட்டுல அரைக் கிளச்சுல ஊர்ற ஆளு. வண்டி உதறும், கியர்பாக்ஸும் அடி வாங்கும்."

மெதுவா வழுக்கிப் பிடிக்கிறது சாதா லைனிங்தான்.
பாரத்துக்கு வேணும்னா பிரஷர் பிளேட்டை மட்டும் கொஞ்சம் கடுசா போடலாமாம்.
அப்போ பெடலும் கடுசாகும். தலவாக்கலை டவுன் நெரிசல்ல என் இடது காலை யாரு பார்க்கிறது?

பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடைகள்ல ஜப்பான் பழசு மலிவா கிடைக்கும். எவ்வளவு தேஞ்சதுன்னு யாருக்குத் தெரியும்? வேணாம்.

எது போட்டாலும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் ஒண்ணா மாத்தணும். ப்ளைவீலை லேத்துக்கு அனுப்பணும். கியர்பாக்ஸ் இறக்குற கூலியை ரெண்டு தரம் கட்ட நான் என்ன தோட்டத்துரையா?

புது வண்டியா? 2020ல வாகன இறக்குமதிய நிறுத்துனாங்க, 2025ல திறந்தாங்க. விலையைக் கேட்டேன். பழசு மேல பாசம் பொங்கிருச்சு.

ராத்திரி பூரா யூடியூப்.
வீட்டுக்காரி கேக்குறா, "பொண்ணு பார்க்க வந்தப்போ இவ்வளவு யோசிச்சீங்களா?"

மலையில பாரம் ஏத்தி ஓட்டுறவங்களே,
உங்க வண்டியில என்ன கிளச்? பெடல் எப்படி இருக்கு?