சீர்வரிசையில் ஒரு டிராக்டர்!

பிறந்த வீட்டிலிருந்து நாம் எல்லோரும் எதையாவது கொண்டு வருகிறோம். வெண்கலப் பானை, குத்துவிளக்கு, பாட்டியின் தேன்குழல் அச்சு... ஆட்டுக்கல்லையே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டு வந்த சிநேகிதி ஒருத்தி எனக்கு உண்டு. ஆனால் ஐம்பது வயசான டிராக்டரை லாரியில் கட்டி, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கூடவே வந்து இறக்கியவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ‘உனக்கென்ன பைத்தியமா?’ என்று கேட்காதவர்கள் பாக்கி இல்லை. நீங்களும் கேட்பதற்கு முன் முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு மன்னார்குடிப் பக்கம் நிலம். 1972-ல் அவர் அந்த மாஸி ஃபெர்குஸன் டிராக்டரை வாங்கினார். சென்னை செம்பியத்தில் ‘டாஃபே’ கம்பெனி செய்த சிவப்பு வண்டி. மூன்று சிலிண்டர், முப்பத்தைந்து குதிரைத் திறன். அந்தக் காலத்தில் டிராக்டர் என்றால் நினைத்த மாத்திரத்தில் கடையில் வாங்கி வருகிற பொருள் இல்லை. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டும். நிலவள வங்கியில் கடன் கிடைத்தது. கையிலிருந்து கட்ட வேண்டிய பணத்துக்கு என்ன செய்வது? அம்மா தன் இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். அந்தச் சங்கிலி திரும்பி வரவே இல்லை. யாராவது “கழுத்து ஏன் வெறுமையா இருக்கு?” என்று கேட்டால், “என் சங்கிலி வயல்ல உழுதுக்கிட்டு இருக்கு” என்பாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

குறுவைக்கும் தாளடிக்கும் சேற்றில் இரும்புச் சக்கரம் மாட்டி இறங்கினால், அந்த வண்டியின் சத்தம் ஊர்க்கோடி வரை கேட்கும். வண்டி வயலை விட்டுக் கரையேறும் சத்தத்தை வைத்துத்தான் அம்மா உலை வைப்பாள். அப்பா கால் கழுவி வருவதற்கும் சோறு வடிப்பதற்கும் சரியாக இருக்கும். கடிகாரம் பார்த்ததே இல்லை.

2018 நவம்பர் 16-ந் தேதி ‘கஜா’ புயல் அடித்தபோது டிராக்டர் நின்ற கொட்டகை அதன் மேலேயே சாய்ந்தது. அதற்குப் பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. 2021-ல் அப்பாவும் போய்விட்டார்.

அப்பா போன பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். குறைத்தாள் என்ன, நிறுத்தியே விட்டாள்! எதைக் கேட்டாலும் ‘ம்’. சாப்பாடு இரண்டு பிடி. டாக்டர் பார்த்துவிட்டு, “உடம்புக்குப் பெரிசா ஒண்ணும் இல்லை. மனசுதான். கொஞ்ச நாள் வேற இடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். பொள்ளாச்சிக்கு வா என்று நான் கூப்பிட்டேன். சென்னைக்கு வா என்று அண்ணன் கூப்பிட்டான். தலையை மட்டும் ஆட்டுவாள், வேண்டாம் என்று.

2022 மே மாதம் தம்பியிடமிருந்து போன் வந்தது. “அக்கா, அந்த வண்டியை எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கோம். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. அண்ணனும் சரின்னுட்டான்.”

“அம்மாகிட்டக் கேட்டியா?” என்றேன்.

“அம்மாதான் எதுக்கும் பதில் சொல்றதில்லையே!”

நான் கிளம்பிப் போனேன். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “வண்டியை நான் எங்க தோப்புக்குக் கொண்டு போகட்டுமா?” என்று கேட்டேன். அம்மா பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தாள். அதிலிருந்து டிராக்டர் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். ஒரு வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது!

சகோதரிகளே, இந்த இடத்தில் சட்ட விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கிய பொருள், உயில் எழுதாமல் போனால், 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் சம பங்கு. வண்டியும் அதில் சேர்த்திதான். ஆக, அது அம்மா, அண்ணன், தம்பி, நான் ஆகிய நாலு பேருக்கும் சொந்தம். தாசில்தார் ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழை வைத்துக்கொண்டு, மற்ற மூவரும் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் ஸ்கூட்டரோ காரோ இப்படிக் கைமாறுவதாக இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். உரிமையாளர் இறந்த முப்பது நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற மனுக் கொடுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் விஷயத்தில் தம்பி அப்போதே தெரிவித்து அம்மா பெயருக்கு மாற்றியிருந்ததால் பிழைத்தோம்.

வண்டி ஓடுகிற நிலையில் இல்லை. ஆகவே லாரிதான் வழி. மன்னார்குடியில் சரக்கு இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பொள்ளாச்சி லாரி ஒன்று கிடைத்தது. வாடகையும் குறைவு. டிரைவர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கம்மா, இதையப் போயி அவ்வளவு தூரம் கொண்டு போறீங்களா?” என்றார். “ஆமாங்க, இது எங்கப்பா வண்டி” என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

ஏற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகள் எத்தனை! பின் டயர் இரண்டிலும் முக்கால் அளவு தண்ணீர் நிரப்பியிருக்கும். சேற்றில் சக்கரம் வழுக்காமல் இருக்கப் பாரம் வேண்டும் அல்லவா? வால்வைக் கீழ்ப்பக்கம் வைத்துத் திறந்ததும் நூறு லிட்டருக்கு மேல் பீய்ச்சி அடித்தது. எங்கள் வாய்க்கால் தண்ணீர்! அப்பா நிரப்பியது. ஓடிப் போய் வாழைக் கன்றுக்குப் பாத்தி கட்டி விட்டேன்.

அடுத்தது டீசல். டாங்கியில் பழைய டீசல் தங்கியிருந்தது. மெக்கானிக் பையன் ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சக் குனிந்தான்.

“வாயால உறிஞ்சாதப்பா! புரைக்கேறிச்சுன்னா நெஞ்சுல இறங்கிடும். கீழே குழாயைக் கழட்டிவிடு. அவரு அப்படித்தான் செய்வாரு.”

சொன்னது அம்மா! திண்ணையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து நின்றாள். தம்பி என்னைப் பார்க்கிறான், நான் தம்பியைப் பார்க்கிறேன். ஒரு வருஷத்தில் அம்மா சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியது அப்போதுதான்.

அம்மா சொன்னதில் எத்தனை உண்மை இருக்கிறது தெரியுமா? டீசல், மண்ணெண்ணெய் போன்றவை வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் அதிகக் கெடுதல். வீட்டில் இவற்றைக் கலர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். தப்பித் தவறிக் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வெளியே வரும்போதுதான் அது மூச்சுக் குழாய்க்குள் போகும். எதையும் புகட்டாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சாய்ந்த கொட்டகைத் தகரத்தை நகர்த்தும்போது என்னவருக்கு உள்ளங்கையில் நல்ல கீறல். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். துருவினால் மட்டும்தான் ஜன்னி வரும் என்று நினைக்கிறோம். அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருப்பது. தோட்ட வேலையில் முள் குத்தினாலும் கவனம் வேண்டும். ஊசி போட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று நர்ஸ் கேட்டபோது இவர் திருதிருவென்று விழித்தார். நாம்தான் எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது!

ஏற்றியதும் நம் ஊர் யுக்திதான். வாய்க்கால் கரை ஓரமாகப் பள்ளத்தில் லாரியைப் பின்பக்கமாகக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கரையும் லாரித் தளமும் ஏறக்குறைய ஒரே மட்டம். நடுவில் தடிப் பலகைகள். செயின் போட்டு மெள்ள இழுத்ததும் ஒன்றரை டன் வண்டி சாதுவாக உள்ளே போய்விட்டது. கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை அடை கொடுத்து, நாலு மூலையிலும் சங்கிலி. பானெட் பறந்து போகாமல் கயிறு. புகைக்குழாய் வாயில் ஒரு பால் டின் கவிழ்த்தது அம்மாவின் யோசனை.

எல்லாம் ஆன பிறகு அம்மா உள்ளே போனாள். ஒரு பையில் நாலு புடவையும் மாத்திரை டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்து எங்கள் காரில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஒருவேளை வந்திருக்க மாட்டாளோ என்னவோ!

ஜூன் மாதம், விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். முன்னால் லாரி, பின்னால் காரில் நாங்கள் இருவரும் அம்மாவும் ஐந்து வயசுப் பேத்தியும். முதல் இருபத்தைந்து கிலோமீட்டரில் நிறுத்திச் சங்கிலிகளை மறுபடி முறுக்கினார் டிரைவர். பாரம் குலுங்கி உட்கார்ந்ததும் கட்டு தளரும் என்றார். அதே போல ஒன்று தளர்ந்துதான் இருந்தது.

சாப்பாடு எல்லாம் கையோடு. காலைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, மத்தியானத்துக்குப் புளியோதரையும் தயிர்சாதமும். தயிர்சாதத்துக்குப் பால் நிறைய ஊற்றி ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பிசைந்தால் மத்தியானம் புளிக்காமல் இருக்கும். பேத்திக்குக் காரில் குமட்டும். வயிறு முட்டக் கொடுக்காமல் ஒரே ஒரு இட்லி. செல்போனைப் பிடுங்கி வைத்துவிட்டுத் தூரத்தில் தெரிவதைப் பார்க்கச் சொன்னேன். இரண்டு மணிக்கு ஒரு தரம் நிறுத்தி அம்மாவை நாலு எட்டு நடக்க வைத்தேன். வயசானவர்கள் ஒரே இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் வீக்கம் வரும், ரத்தம் கட்டும்.

தஞ்சாவூர், திருச்சி தாண்டிக் கரூர் ரோடில் திரும்பினால் கூடவே காவேரி. வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையை அந்த வருஷம் மே 24-ந் தேதியே திறந்துவிட்டார்கள். முக்கொம்பு, குளித்தலை, மாயனூர் என்று நாங்கள் மேற்கே போகப் போக, தண்ணீர் எங்களுக்கு எதிராகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

“இந்தத் தண்ணி எப்பப் பாட்டி நம்ம ஊருக்குப் போகும்?” என்று பேத்தி கேட்டாள்.

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “போயிடும் கண்ணு. போனதும் உங்க கொள்ளுத் தாத்தா வண்டியை எடுத்துடுவாரு” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். கண் நிறைந்துவிட்டது. அப்பா போன அன்றுகூட அழாத அம்மா குளித்தலையிலிருந்து மாயனூர் வரை அழுதாள். நான் தேற்றவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டேன். பேத்தி தன் கைக்குட்டையைக் கொடுத்தாள்.

கரூர் தாண்டியதும் “பசிக்குது” என்றாள் அம்மா. புளியோதரை இரண்டு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்!

காங்கேயம், பல்லடம் வழியாக இருட்டும் சமயத்துக்குத் தோப்பு வந்து சேர்ந்தோம். சரிசெய்ய இரண்டு மாதம் ஆயிற்று. டாங்கியைக் கழுவி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, டீசல் குழாயில் சேர்ந்த காற்றை வெளியேற்றி, புது பாட்டரி போட்டு மெக்கானிக் சாவியைத் திருப்பினார். இருமி, புகை கக்கி, ஓட ஆரம்பித்தது! எல்லோரும் கைதட்டினோம். அம்மா மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “மூணுல ஒண்ணு அடிக்கலையே தம்பி” என்றாள். மெக்கானிக் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்திருந்தது. “பெரியம்மா, நீங்க எந்தப் பட்டறையில வேலை பழகினீங்க?” என்றார் அவர். “அடுப்படியில” என்றாள் அம்மா.

எங்கள் வீட்டில் இப்போது டிராக்டருக்கு மூன்று சட்டம் உண்டு. மூன்றும் அம்மா போட்டவை. மட்கார்டில் குழந்தையை உட்கார வைக்கக் கூடாது. ஓட்டுகிறவர் தவிர யாரும் ஏறக் கூடாது. பின்னால் சுழலும் தண்டு பக்கம் முந்தானையோ தொங்கும் பின்னலோ போகக் கூடாது. தோப்பு, வயல் வைத்திருக்கும் சகோதரிகள் இவற்றை எழுதி ஒட்டி வையுங்கள்.

உங்கள் வீட்டிலும் துக்கத்தில் வாய் மூடிப் போன பெரியவர்கள் இருக்கலாம். ‘சாப்பிடுங்க, தூங்குங்க, மறந்துடுங்க’ என்று நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அதற்குப் பதில், அவர்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் யோசனை கேட்டுப் பாருங்கள். ஊறுகாய்ப் பதமோ, மாட்டு வைத்தியமோ, எதுவானாலும் சரி. மாதக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் இருந்தால் டாக்டரிடமும் காட்டுங்கள்.

அக்டோபரில் ஆயுத பூஜைக்கு அம்மா தன் கையாலேயே வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தாள். மறுவாரம் மழை பெய்து ஈரம் காய்ந்ததும் தென்னை வரிசைக்கு நடுவே இவர் உழவு ஓட்டினார். வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் பக்கத்துத் தோப்புக்கார அம்மாள், “பழைய வண்டி போலிருக்கே, நல்லா உழுவுதுங்களா?” என்று கேட்டாள்.

“நல்லா உழுவுது. என் சங்கிலியாச்சே!” என்றாள் அம்மா.