போர்ஷேக்கு எத்தனை குடம்?

கார் கழுவுவதற்கு இப்போது 'டீடெயிலிங்' என்று பேர். ஒரு பக்கெட், பழைய பனியன், ஒரு பிடி சோப்புத்தூள்... இவ்வளவுதான் கார் கழுவுகிற சாமான் என்று நம்பி வளர்ந்தவர்கள் நாம். பழைய அம்பாஸிடருக்கு அது போதும். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தாலும் அது கோபித்துக்கொள்ளாது. ஆனால், கோடியைத் தாண்டின கார்களுக்குப் பழைய பனியனைத் தூரத்தில் காட்டினாலே கீறல் விழுந்துவிடும் போலிருக்கிறது!

இவனுக்கு ஏது கோடி என்று சந்தேகப்படாதீர்கள். நான் மாதக் கடைசியில் பைக் டாங்க்கை ஆட்டிப் பார்க்கிற ஆசாமி. கார், கல்லூரி நண்பனுடையது. போர்ஷே 911. "ஞாயித்துக்கிழமை பழவேற்காடு போய் இறால் சாப்பிடலாம், வாடா" என்றான். இறாலுக்காகப் போனேன்.

செங்குன்றம் தாண்டியதும் சோழவரம். இரண்டாம் உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் உள்ள ஊர். ஒரு காலத்தில் மோட்டார் ரேஸ் என்றாலே சோழவரம்தான். 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக் வந்த பிறகு இங்கே சத்தம் ஓய்ந்துவிட்டது. அந்த மண்ணை மிதித்ததும் நம்ம ஆள் ஆக்ஸிலேட்டரை அழுத்துவான் என்று பார்த்தால், "டேய், ஸ்பீட் பிரேக்கர் வருது, கொஞ்சம் இறங்கிக்கோடா... அடி தட்டும்" என்கிறான். தச்சூர் கூட்டுரோடு, பொன்னேரி என்று இப்படியே இறங்கி இறங்கி ஏறினேன். ஷேர் ஆட்டோவில் வந்திருந்தால்கூட இவ்வளவு நடந்திருக்க மாட்டேன்.

பழவேற்காடு, டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டின ஊர். ஏரி, இந்தியாவில் சில்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவில் குப்பங்கள். காற்றை நாக்கில் தொட்டுப் பார்த்தாலே உப்புக் கரிக்கும். நாங்கள் இறாலை முடித்துவிட்டு வந்தபோது, காரின் மேல் பொடி மணலும் உப்புப் பிசுக்குமாக ஒரு படலம். நண்பனுக்கு நெஞ்சு வலியே வந்துவிட்டது. டிக்கியைத் திறந்து (911-க்கு டிக்கி முன்னால்!) துணியை எடுத்துத் துடைக்கக் கை ஓங்கினான்.

"யோவ்... வுடுய்யா!" என்று ஒரு குரல். பக்கத்தில் ஃபைபர் போட்டை மரக்கட்டை மேல் ஏற்றி வைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்த பெரியவர். வந்து மணிக்கட்டைப் பிடித்தே விட்டார். "மண்ணு மேல துணி போட்டுத் தேச்சா இன்னாவும் தம்பி? எங்க போட்டு பெயிண்டே பூடும். உன்னுது பட்டு மாரிகீது."

பெரியவர் சொன்னது அத்தனையும் விஞ்ஞானம். கடற்கரை மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அது காரின் பெயிண்ட்டைவிட மட்டுமல்ல, சாதாரண இரும்பைவிடவும் கடினமானது. ஃபைபர் போட்டின் மேல் தோலுக்கு 'ஜெல் கோட்' என்று பேர். சுமார் அரை மில்லிமீட்டர் கனம். காரின் மேல் பளபளக்கிற 'கிளியர் கோட்' அதில் பத்தில் ஒரு பங்குதான், தலைமுடியைவிட மெல்லிசு. ஆக, கோடி ரூபாய்க் காரைவிட மீன் பிடிக்கிற போட்டுக்குத் தோல் கெட்டி!

பெரியவர் கண்ணாடி மூடியை உற்றுப் பார்த்தார். கருப்பாய்ப் பாய் பின்னின மாதிரி கார்பன் ஃபைபர். "இதுவும் ஃபைபர்தானே?" என்றார். ஆமாம், பங்காளிதான். போட்டில் கண்ணாடி இழை, ரெசின். காரில் கார்பன் இழை, ரெசின். அவர் போட்டை விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "டக்குனு கேட்டா நல்லாக்கீது. தொப்புனு கேட்டா உள்ள பிரிஞ்சிட்சி." விமான மெக்கானிக்குகளும் இறக்கையைச் சின்னச் சுத்தியலால் இப்படித்தான் தட்டிப் பார்ப்பார்கள். கார்பன் துருப்பிடிக்காது. ஆனால், அது அலுமினியத்தைத் தொடுகிற இடத்தில் உப்புத் தண்ணீர் புகுந்தால் குட்டி பாட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். அதனால்தான் உப்பு போகணும். தேய்த்து அல்ல, நல்ல தண்ணீரில் கரைத்து.

"அப்ப நாலு குடம் தண்ணி கிடைக்குமா?" என்றான் நண்பன், பர்ஸை எடுத்துக்கொண்டே. பக்கத்து வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாய் இருந்தன. ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினான். அந்த வீட்டு அக்கா நோட்டைப் பார்க்கவே இல்லை. காரைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"அது சோறாக்குற தண்ணி தம்பி. இனிமே நாளன்னிக்குத்தான் வண்டி வரும்."

நண்பன் நோட்டை மடித்துப் பையில் வைத்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டின தூரம் தண்ணீர். கார் கழுவ ஒரு சொம்பு இல்லை. பெரியவர்தான் வழி சொன்னார்: "தொடாம ஓட்டினு போ. ரெண்டு மணி நேரத்துல ஒண்ணும் ஆவாது." கிளம்பும்போது, "இதுல எத்தினி பேரு போலாம்?" என்று கேட்டார். "ரெண்டு பேர் வசதியா" என்றான். "எங்க போட்டுல நாலு பேரு போவோம்... வலையோட!"

பொன்னேரி பக்கம் ஒரு வாட்டர் சர்வீஸில் நிறுத்தினோம். பையன் டீசல் ஸ்பிரேயோடு ஓடி வந்தான். அடியில் அடித்தால் துரு வராதாம். டீசல் பட்டால் ரப்பரெல்லாம் ஊறிப்போகும். நண்பன் போட்ட கத்தலில் பையன் டீயோடு ஒதுங்கிவிட்டான். வெறும் தண்ணீரைத் தள்ளி நின்று பீய்ச்சி, மணலை மட்டும் இறக்கினோம். மற்றதெல்லாம் வீட்டில்.

அவன் கழுவுகிற அழகு இருக்கிறதே, அபிஷேகம்! நிழலில் நிறுத்தி, சக்கரம் ஆறும்வரை காத்திருந்தான். இரண்டு பக்கெட், ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே. சக்கரத்துக்கு வேறு துணி. அதில் ஒட்டின பிரேக் தூள் பெயிண்ட்டுக்குப் போகக் கூடாது. அவனுடையது கார்பன் செராமிக் பிரேக் என்பதால் ஆசிட் கலந்த கிளீனர் ஆகாது. கடைசியில் துணியை ஒற்றி எடுத்தான். போர் தண்ணீரைக் காயவிட்டால் வெள்ளைப் பொட்டு விழுமாம். சீட்டைத் தோல் என்று நினைத்துத் தோல் பாலிஷ் தடவப் போனேன். "அல்கண்டாராடா!" என்று அலறினான். 1970-ல் ஜப்பானில் கண்டுபிடித்த செயற்கைத் துணி அது. பிழிந்த வெள்ளைத் துணியால் மெல்ல ஒற்றி, மென்மையான பிரஷ்ஷால் நீவினால் போதும். பாலிஷ் போட்டால் மயிர்க்கால் ஒட்டிக்கொள்ளும்.

இப்போது பழவேற்காடு போனால் முன் டிக்கியில் இருபது லிட்டர் கேன் ஒன்று ஏற்றிக்கொள்கிறான். பெட்டிக்கு இடமில்லை; என் பையை நான்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பைக்கில் போகிற அன்பர்களுக்கு: திரும்பின அன்றைக்கே, எஞ்சின் ஆறினதும், மட்கார்டு உள்பக்கம் தண்ணீர் விடுங்கள். உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விடுங்கள். சைலன்ஸர் ஓட்டைக்குள் பீய்ச்ச வேண்டாம். பழைய பனியன் வேண்டவே வேண்டாம். அது அப்பாவுடையதாக இருந்தால், வேறு பிரச்னையும் வரும்.