கண்டுபிடித்துச் சொன்னவர்

போன வருடம் ஒரு சனிக்கிழமை, பின்னிரவு 2 மணி. செடெனாக்கில் நான் வேலை செய்யும் தரவு மையத்தில் 40 சர்வர்களுக்குக் கெர்னல் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. 31 முடிந்துவிட்டது. 32-ஆவது ரீபூட் ஆகப் போனது. திரும்பி வரவில்லை.

என்னோடு ஒரு தம்பி வேலையில் இருந்தான். சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. கட்டளைகளைத் தட்டியது அவன். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தது நான். ரீபூட் கொடுப்பதற்கு முன் அவன் ஒன்று சொன்னான்.

"அக்கா, என்னமோ வார்னிங் வந்துச்சுக்கா. இடம் பத்தலன்னு போட்டிருந்த மாதிரி இருந்துச்சு."

"அது எப்பவும் வர்றதுதான். நீ போட்டு விடு," என்றேன்.

திரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விடிவதற்குள் 40-ஐயும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உட்கரு. எந்த நிரல் எப்போது ஓட வேண்டும், யாருக்கு எவ்வளவு நினைவகம், வட்டில் யார் எழுதலாம் யார் படிக்க மட்டும் செய்யலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அதுதான். அதைப் புதுப்பித்தால் பெரும்பாலும் இயந்திரத்தை நிறுத்தித்தான் மறுபடி தொடங்க வேண்டும். புதிய கெர்னலோடு ஒரு தொடக்கக் கோப்பும் எழுதப்படும். வட்டைக் கண்டுபிடிக்கத் தேவையான டிரைவர்கள் அதற்குள் பொட்டலமாக இருக்கும். இவையெல்லாம் பூட் என்ற சின்னப் பகுதியில் போய் உட்காரும். அந்த சர்வரில் யாரும் பழைய கெர்னல்களைத் துடைக்காமல் விட்டதால் பூட் பகுதி நிரம்பிப் போயிருந்தது. தொடக்கக் கோப்பு பாதிதான் எழுதப்பட்டது. அதைத்தான் அந்த வார்னிங் சொன்னது. கன்சோலைத் திறந்தபோது கறுப்புத் திரையில் 'கெர்னல் பேனிக்' என்று நின்றிருந்தது. தன் சொந்த வட்டை அதற்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, இடம் துடைத்து, மறுபடி நிறுவி முடிக்க 50 நிமிடம் ஆயிற்று. அதில் ஓடிய ஒரு வாடிக்கையாளரின் சேவை அவ்வளவு நேரமும் படுத்துக் கிடந்தது. காலையில் அறிக்கை எழுதினேன். "மறுதொடக்கத்தின்போது எதிர்பாராத தடங்கல். பழைய கெர்னல் வழியாகச் சரிசெய்யப்பட்டது." அதில் பொய் எதுவும் இல்லை. அதனால்தான் அதை எழுத முடிந்தது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் கட்டளைப் பதிவைத் திறந்தார். ஒவ்வொரு வரியிலும் தம்பியின் கணக்குப் பெயர். "வார்னிங் வந்திருக்கே, பார்க்கலையா?" என்று அவனைத்தான் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் மடிக்கணினியைப் பார்த்தேன். "சாரி பாஸ், இனிமே கவனமா இருக்கேன்," என்றான். கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்த வாரமே அடுத்த புதுப்பிப்புக்கான குறிப்பை நான் தயாரிக்க வேண்டியிருந்தது. அதற்கு லினக்ஸ் கெர்னலின் மாற்றப் பதிவைப் படித்தாக வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும், ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாற்றங்கள் இருக்கும். நடுவில், வெளியான பதிப்புகளுக்கு வெறும் திருத்தங்களை மட்டும் கொண்ட நிலைப் பதிப்புகள் அடிக்கடி வரும். எங்களைப் போன்றவர்கள் நிறுவுவது பெரும்பாலும் அவற்றை ஒட்டி வருவதைத்தான். வழக்கமாக எங்கள் வன்பொருளின் பெயர் எங்கே வருகிறது என்று தேடிப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். அந்த வாரம் தேடவில்லை. வரிவரியாகப் படித்தேன்.

ஒவ்வொரு திருத்தமும் ஒரு சின்னக் கடிதம் மாதிரி இருக்கிறது. முதலில் என்ன தப்பு, எப்படித் தெரிய வந்தது, எப்படிச் சரிசெய்தோம் என்ற விளக்கம். அடியில் சில வரிகள். 'ஃபிக்ஸஸ்' என்று ஒன்று: இந்தத் தப்பு எந்தப் பழைய மாற்றத்தால் உள்ளே வந்தது என்று அந்த மாற்றத்தின் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளும் அதன் தலைப்பும் இருக்கும். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் தப்பைச் செய்தவர் பெயர் கிடைத்துவிடும். பல நேரம் தப்பைச் செய்தவரும் திருத்தியவரும் ஒரே ஆள்தான். 'ரிப்போர்ட்டட்-பை' என்று இன்னொன்று: கண்டுபிடித்துச் சொன்னவர் பெயர். அவர் ஒரு வரி நிரல்கூட எழுதியிருக்க மாட்டார். "எனக்கு இப்படி ஆகிறது" என்று சொன்னார், அவ்வளவுதான். அதற்கும் பெயர் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் அவர்கள் அடுத்த முறையும் வந்து சொல்வார்கள் என்று கெர்னல் ஆவணத்திலேயே காரணம் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகத்தில் இயங்குதளம் ஒரு பாடமாக இருந்தது. ஷெட்யூலிங், டெட்லாக் எல்லாம் படித்தேன். இந்த அடிவரிகளைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

படிக்கப் படிக்கப் பழைய பெரிய தவறுகளையும் தேடிப் போனேன். 2016 அக்டோபரில் 'டர்ட்டி கவ்' என்று ஒரு ஓட்டை அடைக்கப்பட்டது. ஒரு கோப்பைப் படிக்க மட்டும் உரிமை உள்ள நிரலுக்கு, அது எழுதப் போனால் கெர்னல் ஒரு நகலைத் தர வேண்டும். மிகக் குறுகிய நேரத்தில் நடக்கும் ஒரு போட்டியில் நகலுக்குப் பதிலாக அசலிலேயே எழுதிவிட முடிந்தது. திருத்தியவர் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸை 1991-இல் தொடங்கியவர். தன் திருத்தக் குறிப்பின் தொடக்கத்திலேயே, இதை 11 வருடத்துக்கு முன்னால் தானே சரிசெய்யப் பார்த்ததாகவும், அதை மோசமாகச் செய்ததாகவும் எழுதியிருக்கிறார். அந்தப் பழைய திருத்தம் ஐபிஎம் பெருங்கணினிகளில் சிக்கல் தந்ததால் திரும்பப் பெறப்பட்டது, ஓட்டை அப்படியே நின்றுவிட்டது. உலகத்தின் பெரும்பாலான சர்வர்கள் ஓடும் கெர்னலின் தலைவர், எல்லோரும் படிக்கும் பதிவில், "மோசமாக" என்று தன்னைப் பற்றி எழுதுகிறார். நான் எழுதிய சொல் "எதிர்பாராத".

இன்னொன்று 'டர்ட்டி பைப்'. ஜெர்மனியில் ஒரு வலைச்சேவை நிறுவனத்தில் வேலை செய்யும் மேக்ஸ் கெல்லர்மன் கண்டுபிடித்தது. 2021 ஏப்ரலில் ஒரு வாடிக்கையாளர், தரவிறக்கிய பதிவுக் கோப்பைப் பிரிக்க முடியவில்லை என்று புகார் சொல்கிறார். கெல்லர்மன் பார்க்கிறார், கோப்பின் கடைசியில் சில பைட்டுகள் கெட்டிருக்கின்றன. கையாலேயே சரிசெய்துவிட்டு, புகாரை மூடிவிட்டு, மறந்துவிடுகிறார். சில மாதம் கழித்து அதே புகார் மறுபடியும் வருகிறது. அப்புறம் இன்னொரு முறை. பெரும்பாலும் மாதத்தின் கடைசி நாள் கோப்புதான் கெடுகிறது. அவர் விடாமல் தோண்டித் தோண்டிக் கடைசியில் கெர்னலுக்குள்ளேயே போய் நிற்கிறார்.

ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் பைப். அதில் வரிசையாக இடங்கள் இருக்கும், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கொடி உண்டு. "இதன் தொடர்ச்சியாக எழுதலாம்" என்று ஒரு கொடி. ஓர் இடத்தைப் புதிய வேலைக்கு எடுக்கும்போது பழைய கொடியை இறக்க வேண்டும். அதை இறக்க மறந்திருந்தார்கள். அதனால் படிக்க மட்டும் அனுமதி இருந்த கோப்பில் போய் எழுத முடிந்தது. 2016-இல் நுழைந்த இந்த மறதி, 2020-இல் 5.8 பதிப்பில் வந்த வேறொரு மாற்றத்தோடு சேர்ந்தபோது ஆபத்தாயிற்று. கெல்லர்மன் 2022 பிப்ரவரி 20 அன்று திருத்தத்தோடு கெர்னல் பாதுகாப்புக் குழுவுக்கு எழுதினார். 23-ஆம் தேதி 5.16.11, 5.15.25, 5.10.102 பதிப்புகள் வெளிவந்தன. சேர்த்தவை இரண்டே வரிகள். இரண்டு இடத்தில், கொடியைப் பூஜ்யமாக்கு. மார்ச் 7 அன்று முழுக் கதையையும் வெளியிட்டபோது, முதல் புகாரை மூடிவிட்டு மறந்ததையும் அவரே எழுதினார். அதை விட்டுவிட்டு எழுதியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரவு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கூலாயில் வீடு. பாட்டி தோசை சுட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி பூரா அப்படி என்னதான் வேலை?"

"மெஷினுக்குள்ள இருக்கிற தப்பத் திருத்திப் புதுசா அனுப்புவாங்க பாட்டி. அத நாங்க ஏத்தணும்."

"தப்புன்னு யாரு சொல்றது?"

"யாரு வேணாலும் சொல்லலாம். சொன்னவங்க பேரையும் எழுதி வைப்பாங்க."

பாட்டி தோசைக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். பாட்டி பால்மரம் வெட்டியவர். செடெனாக் பக்கத்தில்தான் அந்தத் தோட்டம் இருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சிங்கப்பூர் 2019-இலிருந்து சில வருடம் புதிய தரவு மையங்களுக்கு அனுமதி தராமல் நிறுத்தி வைத்த பிறகு, எங்கள் பக்கம் செம்பனைக்கு நடுவே ஜன்னல் இல்லாத கட்டடங்கள் வரத் தொடங்கின.

"ஒரு நாளு விடியக்காலைல பெரட்டுக்குப் போயி, மரமெல்லாம் வெட்டி, பால எடுத்துட்டுப் போயி ஸ்டோர்ல நிறுத்தேன். சம்பளத்தன்னிக்குப் பாத்தா அன்னைக்கு எனக்குப் பேரு போடல. கிராணிகிட்ட போயி சொன்னேன். செக்ரோல்ல இல்லன்னா இல்லதான்னு சொல்லிட்டாரு. மண்டோருக்குத் தெரியும் நான் வந்தது. பக்கத்துலதான் நின்னாரு. வாயே தொறக்கல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மறுநாளு அதே மண்டோருதான் பெரட்டு எடுத்தாரு. நானும் போனேன்."

எத்தனை வருடத்துக்கு முன்னால் என்று கேட்டேன். உங்கப்பா கைக்குழந்தை என்றார். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிராணியை அவர் அவ்வளவாகத் திட்டவில்லை என்பதைக் கவனித்தேன். மண்டோரின் பெயர், அவர் நின்ற இடம், போட்டிருந்த தொப்பி எல்லாம் ஞாபகம் இருந்தது.

அன்றைக்குப் பகலில் தூக்கம் வரவில்லை. கெர்னலில் ஒரு விஷயம் உண்டு. இயந்திரம் தொடங்கியதிலிருந்து துடிப்புகளை எண்ணும் ஒரு எண்ணி. நொடிக்கு 100 துடிப்பு என்றால் 32 பிட் எண்ணி 497 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அந்த நேரத்தில் மோசமாக எழுதிய நிரல்கள் உடையும். 497 நாள் கழித்து உடைந்தால் யார் தேடிக் கண்டுபிடிப்பது? அதனால் கெர்னல்காரர்கள் அந்த எண்ணியைப் பூஜ்யத்தில் தொடங்குவதில்லை. நிரம்புவதற்கு 5 நிமிடத்துக்கு முன்னால் தொடங்குகிறார்கள். உடைய வேண்டியது 5 நிமிடத்திலேயே, எழுதியவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடையட்டும் என்று. என்னுடையது ஏற்கெனவே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

எழுந்து அறிக்கையைத் திருத்தி எழுதினேன். பூட் பகுதி நிரம்பியிருந்தது. தொடக்கக் கோப்பு முழுமையாக எழுதப்படவில்லை. எச்சரிக்கை வந்தது. உடன் இருந்தவர் அதைப் பார்த்து ரீபூட்டுக்கு முன்பே என்னிடம் சொன்னார். நான் பார்க்காமல் தொடரச் சொன்னேன். முதல் அறிக்கையில் இதை எழுதவில்லை. கூட்டத்தில் கேட்டபோதும் சொல்லவில்லை. அடியில் தப்பு யாருடையது என்று என் பெயரையும், கண்டுபிடித்துச் சொன்னவர் என்று தம்பியின் முழுப் பெயரையும் போட்டேன். மேலாளருக்கு அனுப்பினேன், கூட்டத்தில் இருந்த எல்லோருக்கும் நகல்.

பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும் என்றார். வருட மதிப்பீட்டில் அது ஒரு வரியாக வந்தது. வேலைப் பட்டியலில் புதிய படி ஒன்று சேர்ந்தது: ரீபூட்டுக்கு முன் பூட் பகுதியில் மிச்ச இடம் பார், தொடக்கக் கோப்பின் அளவைச் சரிபார்.

தம்பியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவன் மின்னஞ்சலை ஏற்கெனவே படித்திருந்தான்.

"அன்னைக்குக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாம்க்கா," என்றான்.

"ஆமா," என்றேன்.

அதற்கு மேல் அவனும் பேசவில்லை. கொஞ்ச நாள் என்னோடு சாப்பிட வரவில்லை. அதைத் திருத்த இரண்டு வரி போதாது என்று தெரிந்தது.

போன மாதம் மறுபடி புதுப்பிப்பு. இந்த முறை கட்டளைகளை நான் தட்டினேன், அவன் பக்கத்தில் இருந்தான். 17-ஆவது சர்வரில், "அக்கா, நில்லுங்க," என்றான். கையை எடுத்துவிட்டு மேலே உருட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, தேதி மண்டலம் பற்றி ஏதோ ஒரு வரி. அதையும் இருவரும் சேர்ந்து முழுசாகப் படித்துவிட்டுத்தான் ரீபூட் கொடுத்தோம்.